பருத்த கோழியும் பழுதுற்ற தசையும்

கறிக்கோழிக்கு ஊசி குத்திப் பருக்க வைக்கின்றனர் என்னும் பேச்சு நம் ஊர்களில் உலவுகின்றது. அஃது உண்மையன்று. உண்மை அதனினும் கொடிது. ஊசியால் வந்த பருமனெனில் ஊசியை நிறுத்தினால் தீரும். இதுவோ முட்டைக்குள்ளேயே, கால்வழியிலேயே புகுத்தப்பெற்ற பருமன்.

1948-இல் அமெரிக்காவில் ‘நாளைய கோழி’ என்னும் பெயரால் நாடளாவிய போட்டி நடந்தது. மார்பு அகன்று விரைந்து வளரும் கோழியை உருவாக்கியவர்க்குப் பரிசு. அவ்வாறு தேர்ந்தெடுத்து இனம்பெருக்கும் முறை எங்குக் கொண்டுவிட்டது என்பதைக் கனடா நாட்டு ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகட்குரிய மூவகைக் கோழிகளை அவர்கள் ஒரே தீனியிட்டு வளர்த்தனர். 56-ஆம் நாளில் முதல் வகையின் எடை 905 கிராம். இரண்டாவது 1,808 கிராம். மூன்றாவது 4,202 கிராம். தீனி ஒன்றே, வேறுபட்டது பிறப்பே!

தசை பருத்தது, அதற்குக் குருதி ஊட்டும் நுண்குழாய்கள் அதற்கேற்பப் பெருகவில்லை. தசைநார்கள் தடித்து நெருங்க, உயிர்வளி குறைகின்றது, கழிவு தேங்குகின்றது. நார்கள் நைந்து அழிந்த இடத்தில் கொழுப்பும் இணைப்பிழைகளும் நிரம்புகின்றன. நெஞ்சுத்தசையில் வெண்கோடுகள் ஓடுவதற்கும், அது மரக்கட்டைபோல் இறுகுவதற்கும், நூல்நூலாகப் பிரிவதற்கும் இதுவே தலையாய கரணியம் என்பர் ஆய்வாளர். அவ்விறைச்சியில் கொழுப்பு மிகுகின்றது, புரதம் குறைகின்றது.

விரைவளர்ச்சியால் தீனி மிஞ்சுகின்றது, ஏழைக்கும் இறைச்சி கிட்டுகின்றது என்பர் சிலர். ஒப்புகின்றோம். ஆனால், எடையை மட்டும் அளந்து, அவ்வெடையைச் சுமக்கும் உயிரை அளவாது விட்டது அறிவியலாகாது, அது வணிகமே.

பல்லடத்திலும் கொங்குநாட்டுப் பிறவூர்களிலும் கறிக்கோழி வளர்க்கும் உழவர் பலர்க்குக் குஞ்சும் தமதன்று, தீனியும் தமதன்று. அவர்க்குரியவை கொட்டகையும் வளர்ப்புக்கூலியுமே. அக்குஞ்சுகளின் மூல இனமோ பெரும்பாலும் விரல்விட்டு எண்ணத்தக்க அயல்நாட்டு நிறுவனங்களின் கையில் உள்ளது. எத்தகைய கோழி பிறத்தல் வேண்டும் என்பதை நம் உழவனும் முடிவு செய்வதில்லை. உண்பவனும் முடிவு செய்வதில்லை.

சிறுவிடையும் பெருவிடையும் நம் முற்றங்களில் இன்றும் உள்ளன. அவை மெல்ல வளர்வன. ஆயினும் ஓடும், பறக்கும், தாமே இரை தேடும். அவற்றின் கால்வழி அழியாமற் காத்தல் நம் கடன். நம் கால்நடை ஆய்வு நிலையங்கள் இவ்வினங்களைக் கொண்டு, எடையோடு தசைநலத்தையும் கால்வலிமையையும் அளந்து இனம்பெருக்குதல் வேண்டும். தமிழீர், எண்ணிப் பார்ப்பீராக! வித்து அயலான் கையிலிருக்க, விளைவு மட்டும் நமதாதல் யாங்ஙனம்?