எழுதக் கற்பிக்காமல் தண்டிப்பதா?

கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறைகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை; 40ஐத் தாண்டினால் ஓராண்டுத் தடை; 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆய்வு நெறிப் பாடம் ஒன்றையும் 2019இல் முனைவர் பட்ட மாணவர்களுக்கு அக்குழு கட்டாயமாக்கியது. இவை தேவையானவையே. ஆனால் குறை முனைவர் பட்டப் படிப்புக்கு முந்தைய ஆண்டுகளில் இருக்கிறது. படித்ததைச் சொந்த நடையில் சுருக்குவதும், மேற்கோளுக்கு மூலம் காட்டுவதும், வாதத்தைச் சான்றோடு வளர்ப்பதும் திருத்தித் திருத்தி எழுதும்போதே கைவரும். கைடை மனப்பாடம் செய்தே தேர்வெழுதிய மாணவர், முதுகலையில் திடீரென ப்ராஜெக்ட் எழுத நேரும்போது வெட்டி ஒட்டுகிறார். இதை வெறும் நேர்மைக் குறைவென்று ஒதுக்குவது அநியாயம். இளங்கலை முதல் பருவத்திலேயே துறை ஆசிரியர் கட்டுரையைப் படித்து, குறிப்பெழுதித் திருப்பித் தர வேண்டும்; அதை வகுப்பில் விளக்கிப் பேசவும் வைக்க வேண்டும். அதற்கு ஆசிரியர் காலியிடங்களை நிரப்புவதே முதல் வேலை.