தண்ணீருக்குள் ஒரு விளக்கு

சென்ற கோடை விடுமுறையில், பெங்களூரில் வசிக்கும் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்தில் இரண்டு நாட்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. சர்ஜாபூர் சாலைப் பக்கம் தனி வீடு. பின்புறம் சிறியதொரு நீச்சல் குளம். ஊரில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தக் கற்ற தலைமுறை நாம். அக்கிணற்றில் பாசி வழுக்கும், சில வேளை பாம்பும் இருக்கும். ஆனால் நீருக்கடியில் விளக்கு எரிந்ததில்லை.

அன்பர் வீட்டுக் குளத்து விளக்கு அன்று மாலை எரியவில்லை. எலெக்ட்ரீஷியனை வரவழைத்தார்கள். பல்ப் போய்விட்டதென்று கண்டு, கடைக்குச் சென்று புதியதொன்றை வாங்கி வந்தார் அவர். பழைய பல்பு 12 வோல்ட். வாங்கி வந்ததோ 230 வோல்ட். பன்னிரண்டு கடையில் இல்லையாம். “டிரான்ஸ்பார்மரை விலக்கிவிட்டு நேராகக் கொடுத்துவிடுகிறேன், வெளிச்சமும் நன்றாக இருக்கும்” என்றார். நாம் ஆட்சேபித்தபோது, “ஏனூ ஆகல்ல சார்” என்று சிரித்தார். குழந்தைகள் மூவர் நீந்தும் உடையுடன் குளக்கரையில் காத்து நின்றனர்.

ஒன்றும் ஆகாது என்பது உண்மையானால், அந்த டிரான்ஸ்பார்மரை அங்கே எதற்காக வைத்தார்கள்? நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட்டை 12 ஆகக் குறைப்பது மாத்திரமன்று அதன் பணி. வீட்டு மின்கம்பிக்கும் குளத்து விளக்குக்கும் நேர்த் தொடர்பே இல்லாதபடி பிரித்து வைப்பதும் அதுவே. மனிதர் இறங்கும் நீருக்குள் இருக்கும் விளக்குக்கு 12 வோல்ட்டுக்கு மேற்பட்ட மாறுமின்சாரம் கூடாதென்று சர்வதேச மின்னியல் விதிகள் வரையறுத்திருப்பது காரணமின்றியன்று. உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலுக்கு அத்திறன் பெரிதும் குன்றிவிடும். நீரில் சிறிதளவு மின்சாரம் கசிந்தாலும் தசைகள் இறுகிப்போகும்; தேர்ந்த நீச்சற்காரராலும் கைகால்களை அசைக்க இயலாது. உடலில் தீக்காயமோ வேறு அடையாளமோ இல்லாமலே மூழ்கிவிடுவார். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதிதான்.

ஆகவே நீந்துபவர் யாரேனும் திடீரென்று விறைத்தாலும், நீரில் கூச்சமாய் இழுக்கிறது என்று சொன்னாலும், முதற்காரியம் மெயினை அணைப்பது. அதன்பின் உலர்ந்த மூங்கிலையோ கயிறு கட்டிய மிதவையையோ நீட்டலாம். குப்பை அள்ளும் வலையின் நீண்ட கழி பெரும்பாலும் அலுமினியம். அவசரத்தில் கை முதலில் அதற்குத்தான் போகும். அதைத் தொடலாகாது.

நிற்க. பல்பை மாற்றும் முறைக்கு வருவோம். குளத்து நீரை இறைக்க வேண்டியதில்லை. சுவரிலுள்ள சிறு ஸ்விட்ச்சை அணைத்தால் போதாது. பலகையில் அவ்விளக்குக்குரிய எம்.சி.பி.யையே கீழே தள்ள வேண்டும். எது எதற்கென்று எழுதியிருப்பதை நம்பற்க. டிரான்ஸ்பார்மருக்குள் நுழையும் கம்பியில் மின்சாரம் இல்லையென்று சோதித்தறிந்த பின்னரே வேலையைத் தொடங்குக. வீட்டார் யாரும் தெரியாமல் மீண்டும் போட்டுவிடாதபடி பலகையருகே ஒருவரை நிறுத்துவது நலம்.

விளக்கின் சட்டத்தை மேற்புறம் ஒரே திருகுதான் பெரும்பாலும் பிடித்திருக்கும். அதைக் கழற்றி இழுத்தால், பின்னால் சுருட்டி வைத்த கேபிளோடு விளக்கு கரைக்கு வந்துவிடும். வராவிட்டால் பலவந்தம் வேண்டா. அத்திருகைப் பத்திரப்படுத்துக, பல விளக்குகளில் சட்டத்தைக் குழியின் உலோகத்தோடு மின்வழியாய் இணைப்பதும் அதுவே, ஆகையால் கைக்குக் கிடைத்த வேறொரு திருகைப் போடலாகாது.

கரையில் வைத்து நன்கு துடைத்துத் திறந்ததும், பல்பின் வோல்ட்டும் வாட்டும் பார்க்க வேண்டும். பழைய 300 வாட் பல்பு 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் இழுக்கும். இன்று அதற்கு ஈடாய் எல்.இ.டி. பல்புகள் சில பத்து வாட்டுகளிலேயே கிடைக்கின்றன. வோல்ட் மட்டும் மாறலாகாது. பல்பில் 230 என்றே முதலிலிருந்து எழுதியிருக்குமாயின், வீட்டார் கை வைக்காமல் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுதல் தகும். அக்குளத்தை 12 வோல்ட்டுக்கு மாற்றும்படியும் அவரிடம் கேட்கலாம்.

பல்போடு ரப்பர் வளையத்தையும் மாற்றியே தீரவேண்டும். இதில்தான் நம்மவர் சிக்கனம் பார்ப்பர். பழைய வளையம் ஒருபுறம் அழுந்தி இறுகியிருக்கும், மறுபடி பொருந்தாது. எதிரெதிர்த் திருகுகளைச் சிறிது சிறிதாக முறுக்கி மூடியபின், மின்சாரமின்றியே விளக்கை நீரில் அமிழ்த்திச் சில நிமிடம் கவனிக்க. தொடக்கத்தில் சில குமிழிகள் எழுந்து அடங்கும். ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து எழுமானால் உள்ளே நீர் புகுகின்றது. எடுத்துத் துடைத்து மறுபடி மூடுக. இழைப் பல்பைக் கரையில் எரித்துப் பார்க்கலாகாது. அது நீரின் குளிர்ச்சியை நம்பியே வேலை செய்கிறது. விளக்கைக் குழியில் பொருத்தித் திருகி, எல்லோரும் நீரைவிட்டு வெளியேறிய பின்னரே எம்.சி.பி.யைப் போடுக.

வீட்டுப் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது நலம், மாதமொருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஆயினும் அது டிரான்ஸ்பார்மருக்கு அப்பால் நிகழும் கசிவைக் காணாது என்பதையும் அறிந்துகொள்க.

நம் அன்பர் வீட்டில் அன்று விளக்கெரியவில்லை. குழந்தைகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயினர். மூன்றாம் நாள் வேறொரு கடையில் 12 வோல்ட் பல்பும் வளையமும் கிடைத்தனவென்று தொலைபேசியில் தெரிவித்தார். 230 வோல்ட் பல்பைத் திரும்பப் பெற முதற்கடைக்காரர் மறுத்துவிட்டாராம். அது அவருடைய மேசை இழுப்பறையில் கிடக்கிறது.