குதிரை ஏறாத வீராங்கனைகள் எங்கே?

போர்க்காலப் பெண்களைப் பற்றிச் சரித்திரக் கதையோ நாடகமோ எழுதி அனுப்புங்கள் என்று சங்கத்தின் ஆண்டு விழாவுக்காகக் கேட்டிருந்தோம். வந்தவை அனைத்தையும் உட்கார்ந்து படித்தோம். எழுதியவர்கள் நம் பிள்ளைகள். சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர், இஸ்திரி வண்டி தள்ளுகிறவர், பாத்திரக் கடையில் பகல் முழுக்க நிற்கிறவர் வீட்டுப் பிள்ளைகள். பிறந்து வளர்ந்தது ஸ்ரீவராகத்தில்; படித்தது மலையாளப் பள்ளியில்; ஆனாலும் தமிழில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஒரு சபாஷ். அதோடு சபாஷை நிறுத்திக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

எல்லாக் கதையிலும் ஓர் அரசி இருக்கிறாள். அவள் குதிரை மேல் இருக்கிறாள். கையில் வாள். கடைசிப் பக்கத்தில் தீக்குளிக்கிறாள், இல்லையென்றால் மார்பில் வேல் வாங்கிச் சாகிறாள். அரண்மனையில் விளக்கேற்றியவள், படைக்குச் சோறாக்கியவள், புண்ணுக்கு மருந்து அரைத்தவள், கணவன் போரிலிருந்து திரும்பாத வீட்டில் பிள்ளைகளைக் காப்பாற்றியவள் ஆகியோருக்கு ஒரு வரியும் இல்லை. தோழர்களே, நம் பாட்டிமாரில் எத்தனை பேர் அரசிகளாக இருந்தார்கள்? எத்தனை பேர் வீட்டில் குதிரை நின்றது?

பிள்ளைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு இப்படி எழுதக் கற்றுக்கொடுத்தவை நம் வாரப் பத்திரிகைகள். கல்கி தம் பத்திரிகையில் 'சிவகாமியின் சபதம்' எழுதிய காலம் 1944 முதல் 1946 வரை. அதில் சிவகாமி வாதாபிக்குச் சிறையெடுக்கப்பட்டு, அந்த நகரம் எரியும் வரை வெளியே வரமாட்டேன் என்று சபதம் செய்துவிட்டு, மாமல்லர் வருவார் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறாள். அருமையான எழுத்து, நாமும் ராத்தூக்கம் கெட்டுப் படித்தவர்கள்தான். ஆனால் அந்தத் தொடரைத் தமிழ்நாடு வாரா வாரம் எதிர்பார்த்துக் கிடந்த அதே நாட்களில் மலாயாவின் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி பிடித்துப் பர்மாவில் நின்றார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்! காத்திருக்கும் பெண்ணுக்குத் தொடர்கதை. புறப்பட்டுப் போன பெண்ணுக்கு ஒன்றுமில்லை. பிறகு சாண்டில்யன் வந்தார். கதாநாயகியின் இடையையும் நடையையும் பக்கம் பக்கமாக வர்ணித்துவிட்டு, போர் வந்ததும் அவளை ஓரமாக உட்காரவைத்தார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதக் காகிதத்தை வீணாக்க வேண்டாம்.

சிவகங்கைக்கு வருவோம், ஏனென்றால் வந்த நாடகங்களில் பாதி குயிலியைப் பற்றியவை. வேலு நாச்சியார் சரித்திரம் உறுதியானது. 1772-இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் கம்பெனிப் படையால் கொல்லப்பட்டார். நாச்சியார் விருப்பாச்சிப் பக்கம் சென்று, ஹைதர் அலியின் ஆதரவைப் பெற்று, எட்டு ஆண்டுகள் காத்திருந்து, மருது சகோதரர்களோடு 1780-இல் சீமையை மீட்டார். இந்தக் காத்திருப்பு சிவகாமியுடையதைப் போன்றதன்று. ஆள் சேர்த்து, கடிதம் எழுதி, பணம் திரட்டி, கூட்டணி பேசிய எட்டு ஆண்டுகள் அவை. நம் பிள்ளைகளின் நாடகத்தில் அந்த எட்டு ஆண்டுகள் ஒரே காட்சி மாற்றத்தில் பறந்துபோகின்றன. குயிலி தன் உடம்பில் நெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு ஆயுதக்கிடங்கில் குதிக்கும் காட்சிக்கோ நாலு பக்கம்!

குயிலி கதை மக்கள் வாய்மொழியில் வாழ்கிற கதை. சிவகங்கையில் அவளுக்கு நினைவுச் சின்னமும் உண்டு. ஆனால் அந்த நெருப்பை உறுதி செய்ய அந்தக் காலத்து ஆவணம் கிடையாது. வாய்மொழியை நாம் இகழ மாட்டோம். ஏழைக்கு ஆவணம் எழுதிவைக்க யார் இருந்தார்கள்? நம் கோபம் வேறு இடத்தில். குயிலி எப்படி வாழ்ந்தாள், என்ன வேலை செய்தாள், கூலி யார் கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. எப்படி எரிந்தாள் என்றுதான் கேட்கிறார்கள். அப்புறம் அவள் எந்தச் சாதி என்று அடித்துக்கொள்கிறார்கள். எரிந்து சாம்பலானவளுக்கும் சாதிச் சான்றிதழ் வேண்டுமாம்!

நம் தெருவுக்கு அருகிலேயே இப்படி ஒரு கதை உண்டு. மணக்காட்டில் முகிலன் என்னும் முகலாயச் சிற்றரசன் பாளையம் இறங்கியிருந்தான் என்றும், அப்போது வேணாட்டின் பொறுப்பிலிருந்த உமையம்மை ராணி அவனை எதிர்த்து நின்றாள் என்றும் சொல்வார்கள். அவளுடைய பிள்ளைகளை எட்டுவீட்டுப் பிள்ளைமார் களிப்பான்குளத்தில் மூழ்கடித்துக் கொன்றார்கள் என்ற கதையையும் இங்கே பிறந்த குழந்தைகூடச் சொல்லும். சங்குண்ணி மேனோன் 1878-இல் தம் திருவிதாங்கூர்ச் சரித்திரத்தில் அதை எழுதிவைத்தார். பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் மதிலகம் ஏடுகளைப் பார்த்து அதற்கு ஆதாரமில்லை என்றார்கள். யார் கேட்டது? ராணி ஆண்ட ஆண்டுகளில் வரி எப்படி வசூலித்தாள், படைக்கு நெல் எங்கிருந்து வந்தது என்பவற்றை யாருக்கும் தெரியாது. அழுத தாய் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' நாவல் 1891-இல் வந்தது. மணக்காட்டுப் பட்டாணியர் பாளையமும் அதில் வருகிறது. இளவரசனுக்காகச் செய்தி கடத்தி, சூழ்ச்சியை உடைத்து, ஆண்கள் தடுமாறும் இடத்திலெல்லாம் தடுமாறாமல் நிற்பவள் சுபத்திரை. அந்த நாவலின் மூளையே அவள்தான். முடிவில் என்ன செய்கிறார் ஆசிரியர்? குடும்பத்துப் பெரியவர் குடமண் பிள்ளையின் கையாலேயே அவளைக் கொல்ல வைக்கிறார். இளவரசன் அரியணை ஏறிக்கொள்கிறான். நூற்றாண்டு கடந்துவிட்டது, நம் சங்க நாடகத்திலும் புத்திசாலிப் பெண் கடைசிக் காட்சிக்குள் செத்தாக வேண்டும் என்ற சட்டம் மாறவில்லை.

இனி மலாயாவுக்குப் போவோம். பிழைக்கப் போன தமிழரின் கதை என்பதால் இது நமக்கு அரண்மனைக் கதையைவிட நெருக்கமானது.

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். வந்த சில நாட்களிலேயே பெண்கள் படை வேண்டும் என்றார். ஜூலை 12-இல் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் இருபது பெண்களைத் துப்பாக்கியோடு நிறுத்தி அவருக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தார். அக்டோபர் 22-இல் பயிற்சி முகாம் திறந்தது. படையின் பெயர் ஜான்சி ராணி. லட்சுமி சென்னையில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்தவர். தாயார் பாலக்காட்டுப் பக்கத்து அம்மு சுவாமிநாதன். போற்ற வேண்டிய பெண்மணிதான். 2012-இல் மறையும் வரை ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அடுத்த நிலையில் ஜானகி தேவர், பதினெட்டு வயதுப் பெண். இவர்கள் பெயர் நமக்குத் தெரியும், ஏனென்றால் இவர்கள் படித்தவர்கள். நினைவுகளை எழுதினார்கள், பேட்டி கொடுத்தார்கள்.

ஆனால் படையில் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள். விடிவதற்கு முன் எழுந்து பால் வெட்டப் போனவர்கள். போருக்கு முந்தைய மலாயாத் தோட்டத்தில் ஆணுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு என்று கூலிக் கணக்கு இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். படையில் ஆணை இந்துஸ்தானியில். தமிழ் மட்டுமே தெரிந்த பெண் அந்நியச் சொல்லுக்கு வலம் இடம் திரும்பக் கற்றாள். வேற்றுமொழி ஊரில் வேலை செய்யும் நமக்கு அந்தத் திணறலை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்களில் எவரும் புத்தகம் எழுதவில்லை. போர் முடிந்ததும் பலர் தோட்டத்துக்கே திரும்பினார்கள்; மறுபடி அதே வாளி, அதே கத்தி.

ஏன் சேர்ந்தார்கள்? தேசபக்தி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள் நம் எழுத்தாளர்கள். தேசபக்தி இருந்தது, பார்த்தேயிராத நாட்டின் மீது இருந்தது என்பதுதான் அதன் பெருமை. ஆனால் அது எந்த நேரம்? ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்த நேரம். 1942-இலும் 1943-இலும் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். போன தமிழரில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அந்தப் பாதையைப் பற்றி 1957-இல் குவாய் நதிப் பாலம் என்று ஆங்கிலப் படம் வந்து உலகமே கைதட்டியது. அதில் வெள்ளைக்காரக் கைதிகளின் கதைதான் கதை. நம் தோட்டத்து ஆளைத் தேடிப் பாருங்கள்! ஆண்கள் போன லயன் வீடுகளில் பெண்கள் கோணிச்சாக்கை உடுத்திக்கொண்டு, மரவள்ளி நட்டுத் தின்று பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்த லயத்திலிருந்து ஒருத்தி படைக்குப் போனாள் என்றால் அவள் நெஞ்சில் நாடும் இருந்திருக்கும், பசியும் இருந்திருக்கும், ஜப்பான் சிப்பாய் கண்ணில் படக்கூடாது என்ற பயமும் இருந்திருக்கும், கங்காணி சத்தம் இல்லாத ஒரு காலைப்பொழுதைப் பார்க்கும் ஆசையும் இருந்திருக்கும். இவ்வளவையும் எழுதினால் அவள் வீரம் குறைந்துவிடுமா?

ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யில் அந்தப் போர்க்காலத்தை எழுதினார். 1972-இல் புத்தகமாக வந்தது. தமிழில் அதற்கு இணையில்லை என்றே சொல்வோம். ஆனாலும் அது வட்டிக்கடைப் பையன்களின் உலகம், ஆண்களின் உலகம். லயத்துப் பெண்ணின் தோணி இன்னும் கரையிலேயே கிடக்கிறது.

இன்னொரு பக்கம் கணக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். ஜான்சி ராணிப் படையில் ஆயிரம் பேர் என்று நாம் கேட்டு வளர்ந்தோம். வேரா ஹில்டெப்ராண்ட் 2016-இல் எழுதிய புத்தகத்தில் ஏறக்குறைய 450 பேர்தான், களத்தில் நேரடிப் போர் செய்யவில்லை என்றார். உடனே நம்மவர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சி அவரைத் திட்டுகிறது. மறு கட்சி, அப்படியானால் அது வெறும் அலங்காரப் படை என்கிறது. இரண்டும் ஒரே மூடத்தனம். சுட்டால்தான் வீரம் என்று யார் சொன்னது? 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது மேலே விமானம், கீழே சேறு. பகலில் ஒளிந்து இரவில் நடந்து பாங்காக் நோக்கிப் போனார்கள். ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரு பெண்கள் வழியில் தாக்குதலில் இறந்தார்கள். 450 என்றால் 450 என்றே எழுதுங்கள். ஆயிரம் என்று ஊதினால் மீதி 550 பேர் யாருமில்லாத ஆவிகள்; அவர்களைச் சுமந்துகொண்டு நிஜமாக நடந்தவளை எப்படி எழுதுவது?

"கதைதானே, கற்பனைக்கு இடமில்லையா?" என்று நம் வாசகசாலைக்கு வரும் நண்பர் ஒருவர் கேட்டார். தாராளமாக இடம் உண்டு. ஆவணம் பேசாத இடத்தில் கற்பனை பேசட்டும். லயத்துப் பெண் படைக்குப் போகிற முந்தின இரவு அம்மாவிடம் என்ன சொன்னாள் என்று எந்த ஆவணத்திலும் இருக்காது. அதைக் கற்பனை செய்யுங்கள். ஆனால் நடந்ததை மூடி மறைப்பதற்குக் கற்பனையைப் போர்வையாக்காதீர்கள். இந்த வேலையை நம் ஊர் செண்பகராமன் பிள்ளை விஷயத்தில் நாமே பார்த்தாயிற்று. 1891-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர், ஜெர்மனியில் இருந்துகொண்டு வெள்ளைக்காரனை எதிர்த்தவர். அது போதாதென்று, 1914-இல் சென்னையில் குண்டு போட்ட எம்டன் கப்பலிலேயே அவரை ஏற்றிவிட்டோம். ஆதாரம் கிடையாது. அவர் மனைவி லட்சுமிபாயோ, 1934-இல் கணவர் இறந்தபின் அவருடைய அஸ்தியை 1966 வரை காத்து, அந்த ஆண்டு ஐ.என்.எஸ். டெல்லி கப்பலில் தாய்நாட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார். நாஜிகளின் பெர்லின், உலகப்போர், பம்பாயில் தனிமை, அரசு அலுவலகப் படிகள் என்று 32 ஆண்டுகள் ஒரு சாம்பல் கலயத்தோடு! இதைவிட நாவல் வேண்டுமா? அவரைப் பற்றி ஒரே ஒரு கதைகூட நமக்கு வரவில்லை.

கடைசியாக, இந்த ஸ்ரீவராகம். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூர் வெளி அரிசியை நம்பியிருந்த நாடு. ரேஷன் வந்தது, பட்டினி வந்தது, சேர்த்தலைப் பக்கம் பட்டினிச் சாவே வந்தது. வீடுதோறும் மரச்சீனி அவிந்தது. இருந்த கஞ்சியை வேலைக்குப் போகிறவனுக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு, கிழவிக்கு எவ்வளவு என்று அளந்த அகப்பை எந்தக் கையில் இருந்தது? அந்தக் கை தனக்கு எவ்வளவு ஊற்றிக்கொண்டது? அந்தப் போரில் இந்தத் தெருவின் படைத்தலைவி அவள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். சிலர் கட்டிலில் கிடக்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போய், அடுத்த அறையில் உட்கார்ந்து, வாள் பிடித்த அரசியை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே வந்த கதைகள் அனைத்தையும் திருப்பித் தருகிறோம். யாரும் வருத்தப்பட வேண்டாம். பொங்கல் வரை கெடு நீட்டியிருக்கிறோம். பாட்டியிடமோ பக்கத்து வீட்டு ஆச்சியிடமோ கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே முதலில் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், கதை அதன்பிறகு. மலையாளத்தில்தான் எழுத வரும் என்கிற பிள்ளைகள் மலையாளத்திலேயே எழுதலாம், தமிழாக்கிக்கொள்ள இங்கே ஆள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் குளத்தங்கரைப் பக்கம் நம் வாசகசாலை திறந்திருக்கும். குதிரை வரும் காட்சி மட்டும் வேண்டாம். சென்ற முறை அட்டையில் செய்த குதிரைக்கே சங்கம் இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறது.