வெட்டித் தீர்த்தவர் நீதிபதி! மிச்சம் வைத்தவர் குற்றவாளியா?

நாடுகளின் காட்டுப் பரப்பை ஒப்பிட்டு ஒரு பட்டியல் வெளிவரும்போதெல்லாம் ஒரே காட்சிதான். ஐரோப்பாவுக்குப் பாராட்டு, பிரேசிலுக்கும் இந்தோனேஷியாவுக்கும் கண்டனம். பட்டியலில் உள்ள எண்கள் பொய்யா? இல்லை. ஆனால் சரியான எண்களைக் கொண்டே தவறான கணக்கை எழுதிவிட முடியும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியாததல்ல.

ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பு 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டைப் பாருங்கள். 1990 முதல் 2020 வரை இந்தோனேஷியாவின் காடு சுமார் 11 கோடியே 85 லட்சம் ஹெக்டேரிலிருந்து 9 கோடியே 21 லட்சமாகச் சுருங்கியது. பிரேசில் 9 கோடி ஹெக்டேருக்கும் மேல் இழந்தது. அதே 30 ஆண்டுகளில் ஐரோப்பாவில் காடு பெருகியது. சீனாவில் சுமார் 15 கோடியே 70 லட்சம் ஹெக்டேர், 22 கோடியாக உயர்ந்தது.

இந்த எண்களை வைத்துத் தீர்ப்புச் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டாக வேண்டும்.

முதல் கேள்வி: தொடக்க இருப்பு எந்த ஆண்டினுடையது? 1990-ல் கணக்கைத் தொடங்கினால் பிரிட்டன் நல்ல பிள்ளை. ஆனால் 20-ம் நூற்றாண்டு பிறந்தபோதே அந்நாட்டு நிலத்தில் சுமார் 5 சதவீதம்தான் காடாக எஞ்சியிருந்தது. வெட்டித் தீர்த்த பிறகு கணக்கைத் தொடங்கினால், நட்டதெல்லாம் லாபமாகத்தானே தெரியும்! இன்றும் அங்கே காடு சுமார் 13 சதவீதம்தான். குற்றவாளிக் கூண்டில் நிற்கும் பிரேசிலிலோ பாதிக்கும் அதிகமான நிலம் இன்னும் காடு. மலபார் தேக்கில் போர்க்கப்பல் கட்டியவர்கள் யார்? நம் நாட்டு மரங்களைச் சாய்த்து ரயில் பாதைக்குக் கட்டைகள் போட்டவர்கள் யார்? அந்தச் செலவு யாருடைய பேரேட்டில் ஏறியிருக்கிறது?

இரண்டாவது கேள்வி: எதைக் காடு என்கிறார்கள்? ஐ.நா. அமைப்பின் கணக்கில் ரப்பர் தோட்டம் காடு. எண்ணெய்ப் பனைத் தோட்டம் காடல்ல. நமது இந்திய வன ஆய்வு நிறுவனமோ, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மர நிழல் இருந்தாலே காட்டுப் பரப்பில் சேர்த்துவிடுகிறது. தென்னந்தோப்பும் மாந்தோப்பும்கூட அதில் அடங்கிவிடும். இந்தியாவில் 21.76 சதவீதம் காடு என்று 2023-ம் ஆண்டு அறிக்கை சொல்வதை இந்த விவரத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: ஆதாயம் யாருக்கு? 1998-ல் பெருவெள்ளத்தில் அடிபட்ட சீனா, இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அதன் ஆலைகளுக்கு வேண்டிய மரம் ரஷ்யாவிலிருந்தும் பப்புவா நியூகினியிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் போய் இறங்கியது. பிரேசில் சோயா ஐரோப்பாவின், சீனாவின் கால்நடைகளுக்குத் தீவனமாகிறது. உலகில் பாமாயிலை மிக அதிகமாக இறக்குமதி செய்வது நம் நாடு. விற்றவன் பெயர் மட்டும் குற்றப்பத்திரிகையில்; வாங்கியவன் பெயரைக் காணோம்!

இப்படிக் கேட்பதால் அந்நாட்டு ஆட்சியாளர்களுக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ண வேண்டாம். 1997-ல் இந்தோனேஷியக் காடுகள் எரிந்தபோது, பக்கத்து மலேசியாவும் சிங்கப்பூரும் புகையில் திணறின. காட்டை நம்பி வாழ்ந்த ஏழைகள் பிழைப்பை இழந்தார்கள். தோட்ட முதலாளிகள் கொழுத்தார்கள்.

அரசு மனம் வைத்தால் அழிவைத் தடுக்கலாம் என்பதற்கும் பிரேசிலே சாட்சி. அமேசானில் 2004-ல் 27 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் அழிந்தது. செயற்கைக்கோள் கண்காணிப்பு, அபராதம், காடழித்தவர்களுக்கு வங்கிக் கடன் மறுப்பு என்று பிடியை இறுக்கியதும் 2012-ல் அது சுமார் 4,500 ஆகக் குறைந்தது. பிடி தளர்ந்தது, 2021-ல் மீண்டும் 13 ஆயிரத்தைத் தாண்டியது. 2023 முதல் மறுபடியும் இறங்கியிருக்கிறது.

எனவே இளைஞர்களே! அடுத்த பட்டியல் வரும்போது கைதட்டவோ தூற்றவோ அவசரப்படாதீர்கள். எந்த ஆண்டு முதல்? எது காடு? யாருக்கு ஆதாயம்? இந்த மூன்றையும் கேளுங்கள். விடை கிடைத்த பிறகு தீர்ப்பு எழுதலாம்.