கடல் கடக்குமுன் கரண்டி பிடியுங்கள்!

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். பிள்ளை தனியாக வெளிநாடு புறப்பட்டால், பீங்கான் ஜாடியைத் திறந்து ஊறுகாய் கட்டிக் கொடுப்பது தாய்மார் வழக்கம்.

அன்பு நல்லதுதான். ஆனால் ஊறுகாய் எத்தனை நாளைக்கு வரும்?

1888-ல் காந்தியடிகள் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். இறைச்சி தொடுவதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார். எதில் இறைச்சி இல்லை என்று கேட்கக் கூச்சம். கையில் இருந்த இனிப்பையும் பழத்தையும் தின்றே நாளைக் கழித்தார். லண்டனில் அலைந்து திரிந்து, சைவ உணவு விடுதியைக் கண்ட பிறகே வயிறு நிறைந்தது.

1914-ல் கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார். தானே சமைத்துச் சாப்பிட்டார். அந்த ஆண்டே உலகப் போர் மூண்டது. வேண்டிய பண்டங்கள் கிடைப்பது அரிதாயிற்று. 1917-ல் நோயில் விழுந்தார். 1920-ல், 32-வது வயதில் மறைந்தார். சாப்பாடு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், தனியே இருப்பவன் சோற்றை அலட்சியம் செய்யலாகாது.

இன்று பல நாடுகளில் அரிசியும் பருப்பும் கிடைக்கின்றன. சமைக்கத்தான் தெரியவேண்டும். கொண்டுபோகும் உணவுக்கும் சட்டம் உண்டு. ஆஸ்திரேலியாவில் அதை மறைத்தால் அபராதம்!

பெற்றோர்களே! பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடும் அன்றே பிள்ளையை அடுப்படிக்கு அழையுங்கள். மகனானாலும் மகளானாலும் சரி. சோறு, ரசம், ஒரு பொரியல் போதும்.

ஜாடி ஒருநாள் காலியாகும். கற்ற கைப்பக்குவம் கடைசிவரை சோறு போடும்.