திராட்சை மதுவும் தேயிலை மலையும்

விருந்தோம்பல் என்றதும் நுவரெலியாவிற் கற்றோர் பலருக்கு இன்றும் நினைவில் எழுவது துரைமாரின் மேசையே. 1876 இல் தோன்றிய ஹில் கிளப்பும், உல்லாச விடுதிகளாக மாறிய பழைய துரை பங்களாக்களும் அந்நினைவை அழியாது பேணுகின்றன. எந்தப் பாலாடைக்கட்டிக்கு எந்தத் திராட்சை மது இசையும் என அறிந்தோரே நாகரிகர் என்னும் எண்ணமும் அங்கிருந்தே பரவிற்று.

அவ்விசைவில் மறைபொருள் யாதும் இல்லை. ரோக்ஃபோர்ட் கட்டியின் உப்புக்குச் சோத்தேர்ண் மதுவின் இனிமை ஈடுசெய்யும். செம்மதுவின் துவர்ப்பைக் கட்டியின் கொழுப்பும் புரதமும் தணிக்கும். பிரெஞ்சு மக்கள் தம் நிலம் தந்தவற்றைத் தம் மேசையில் இணைத்தனர், அதிற் குறைகாண்பதற்கில்லை. அவர்தம் அறிவை விடுத்து, போத்தலை மட்டும் இரவல் கொள்வதே குறையாகும்.

துவர்ப்பு தேயிலைக்கும் உரியது. பால் கலந்ததும் தேநீரின் துவர்ப்பு அடங்குவதும் அதே காரணத்தாலன்றோ? அம்பேவலைப் பாலில் ஆகும் இளங்கட்டிக்கு நுவரெலியாவின் மென்மணத் தேநீரும், முதிர்ந்த கட்டிக்குத் திம்புளையின் கடுஞ்சாயமும் ஏற்ற துணையாகும். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை உலகோர் விருந்துகளில் இடம்பெற்றது. விளைந்த மலையிலோ விருந்து மேசையில் மதுவுக்குப் பின்னிடமே அதற்கு வாய்த்தது.

நற்சுவை எவர்க்கும் விலக்கன்று, அதனை வெறுப்பது குறுகிய நோக்கு என்பர் சிலர். விலக்கன்று என்பது மெய்யாயின், அது கொழுந்து பறிப்பவளுக்கும் விலக்காகாதிருத்தல் வேண்டும். அவள் நாட்சம்பளம் 1000 ரூபாவை எட்டுவதற்கே நெடுநாட் போராட்டமும் 2021 ஆம் ஆண்டும் வரவேண்டியிருந்தன. அவள் பறித்ததன் உயர்தரம் கப்பலேற, அவள் அடுப்பிற் கொதிப்பது தூள்.

எனினும் லயத்துக் காம்பராவுக்கு வந்தவர் வெறுவாயுடன் மீள்வதில்லை. உள்ளங்கையிற் சிறிது சீனியும் கோப்பையில் வெறுந் தேத்தண்ணீரும் உறுதி. அங்கே பொருத்தம் பார்ப்பாரில்லை. முகம் பார்ப்பார் உண்டு.

மேசையில் எம்மது வைப்பது என்னும் ஆராய்ச்சி பின்னர் நிகழட்டும். பங்களாவின் பின்வாசலால் தட்டேந்தி வருபவள் அதன் முன்வாசலால் விருந்தினளாக நுழையும் நாள் எது? மலையகத்தின் நாகரிகத்தை அளக்க அவ்வினா ஒன்றே போதும்.