கேம் சத்தத்தை மைக்ல பிடிக்காதீங்க... வயர்ல பிடிங்க!

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்துல நீங்க இருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. ஆடி மாசம், ஞாயித்துக்கிழமை. தெருமுனை அம்மன் கோயில்ல குழாய் ஸ்பீக்கர் அலறுது. தலைக்கு மேல ஃபேன் கடகடங்குது. கையில கேம் கன்சோல், பக்கத்துல ரெக்கார்டிங் ஆன் பண்ணின போன். எடிட் பண்ண உட்கார்ந்தா, கேம் சத்தத்தைத் தவிர மத்த எல்லாம் தெளிவா கேட்கும்!

இதை இப்போ பேசக் காரணம் இருக்கு. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம் கொடுத்தது. ரம்மி ஆப்ல காசை விட்ட குடும்பங்களுக்கு இது நிம்மதிதான். ஆனா, கேம் மூலமா நாலு காசு பார்க்க நினைக்கிற கிராமத்துப் பசங்களுக்கு மிச்சம் இருக்கிறது போட்டியும் வீடியோவும்தான். அந்த வீடியோவுல படம் கொஞ்சம் மங்கலா இருந்தாகூட ஜனங்க பொறுத்துப்பாங்க. சத்தம் கரகரன்னா அடுத்த நொடியே தள்ளிவிட்டுப் போயிடுவாங்க.

போன்ல ஆடுறவங்களுக்கு வேலை சுலபம். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், ஒரு ஆப்போட சத்தத்தை இன்னொரு ஆப் உள்ளுக்குள்ளேயே பதிவு பண்ண முடியும், அந்த கேம் அனுமதிச்சிருந்தா. ஐபோன்ல 2017-லேயே ஸ்கிரீன் ரெக்கார்டிங் வந்தாச்சு. ரெண்டுலயும் மைக் ஆன்ல இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. இல்லைன்னா அடுப்படியில அம்மா பேசுறதும் சேர்ந்து பதிவாகும். நோட்டிஃபிகேஷனையும் ஆஃப் பண்ணிடுங்க. பேங்க் ஓடிபி வீடியோவுல வந்தா வம்பு.

தனி கன்சோல்னா கதை வேற. நிண்டெண்டோ ஸ்விட்ச்ல இருக்கிற கேப்சர் பட்டன் கடைசி 30 நொடியை மட்டும்தான் சேமிக்கும். முழுசா வேணும்னா ஹெட்போன் ஜாக்ல இருந்து எடுக்கலாம். அதுல வயரைச் சொருகி, மறுமுனையை போனோட ஹெட்போன் ஓட்டையில சொருகினா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. சாதாரண ஹெட்போன் பின்னைப் பாருங்க, மூணு பகுதிதான் இருக்கும். போன் ஹெட்செட் பின்ல நாலு. அந்த நாலாவதுதான் மைக்குக்கு. அது இல்லாததால, ஏதோ ஹெட்போன் மாட்டியிருக்காங்கன்னு போன் நினைச்சுக்கும். அடாப்டர் வாங்கி மாட்டினாலும் பாதிக்கிணறுதான். மைக் வழி ரொம்ப மெல்லிய சிக்னலுக்காகச் செஞ்சது. ஹெட்போன்ல இருந்து வர்றது அதைவிடப் பல மடங்கு பலம். அதனால சத்தம் கிழிஞ்சுபோகும்.

சரியான வழி, லைன்-இன் இருக்கிற ஒரு சின்ன யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். ஓடிஜி கேபிள் வழியா போன்லயே மாட்டலாம். விலை குறைஞ்ச யுஎஸ்பி சவுண்ட் கார்டு பலதுலயும் இருக்கிறது மைக் ஓட்டை மட்டும்தான், கேட்டு வாங்குங்க. கன்சோல் வால்யூமைப் பாதியில வெச்சு ஆரம்பிங்க. மீட்டர்ல உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. எம்பி3 வேண்டாம், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலா சேமிங்க. 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் கேட்டா, சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. பெரும்பாலும் அதோட நின்னுடும்.

உங்க குரலை மட்டும் தனி டிராக்ல பதிவு பண்ணுங்க. என் கணக்குல மைக் விலையைவிட இதுதான் முக்கியம். கேமுக்குள்ள வர்ற லைசென்ஸ் பாட்டுக்கு யூடியூப்ல காப்பிரைட் க்ளைம் விழலாம். தனி டிராக்கா இருந்தா அந்த இடத்துல கேம் சத்தத்தை மட்டும் அமுக்கிட்டு உங்க பேச்சைக் காப்பாத்தலாம். பேச்சே இல்லாம வெறும் கேம்பிளேவை ஓட்டவிட்டா வருமானத்துக்கு யூடியூப் ஒத்துக்காமப் போகலாம். நிண்டெண்டோவும் 2018-ல் வெளியிட்ட விதிகள்ல, தனிநபர்கள் தங்களோட விளக்கமோ கற்பனையோ சேர்த்த வீடியோவுக்குத்தான் பச்சைக்கொடி காட்டுது. ஆக, உங்க தமிழ்தான் அங்கே முதலீடு.

வருமானத்தைத் தாண்டி இன்னொண்ணும் இருக்கு. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவிகிதம் இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்கிறது, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வு. நிண்டெண்டோ 3டிஎஸ் கன்சோலின் ஆன்லைன் கடையும் 2023 மார்ச்சிலேயே மூடப்பட்டுவிட்டது. நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல ஓடின நோக்கியா ஆலை நின்னது 2014 நவம்பர்ல. அந்த போன்கள்ல பாம்பு கேம் ஆடின தலைமுறை, அந்த 'பீப்' சத்தத்தை எங்கேயாவது சேமிச்சு வெச்சிருக்கா? 1,100 வருஷத்துக்கு முந்தின குடவோலைத் தேர்தல் விதியைக் கல்சுவர்ல காப்பாத்தி வெச்சிருக்கிற ஊருக்குப் பக்கத்துலதான் இந்த நிலைமை.

பரண்ல பழைய கன்சோல் கிடந்தா எடுங்க. 1989-ல் வந்த கேம் பாய்ல ஸ்பீக்கர் ஒண்ணுதான். ஆனா, ஹெட்போன் ஜாக்ல இருந்து எடுத்தா ஸ்டீரியோ வரும். கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி-ல ஜாக்கே கிடையாது, சார்ஜர் ஓட்டைக்குத் தனி அடாப்டர் வாங்கணும். திருவிழாக் கடையில வாங்கின பிரிக் கேமா? அதுக்கு மட்டும் மைக்தான் வழி. ஃபேனை நிறுத்திட்டு, கேமையும் மைக்கையும் ஒரு கனமான போர்வைக்குள்ள வெச்சு, ராத்திரி ஊர் அடங்கின பிறகு ரெக்கார்ட் பண்ணுங்க.